ஊமை முகமும் பேசும் முகமும்

2018இல் சவ்வாஸ் சன்னெட்டூ என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 16 கோடிப் படங்களைக் கணினிக்குள் கொட்டினார்கள். ட்விட்டர், ரெடிட், ஃபோர்சான், கேப் ஆகிய நான்கு தளங்களில் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறிய படங்கள் அவை. எது மீம், எந்த மீம் எந்த மீமுக்குச் சொந்தம், எந்தத் தளத்தில் முளைத்து எந்தத் தளத்துக்குப் பரவியது என்று பிரித்துப் பார்ப்பது அவர்களின் நோக்கம். கட்டுரைத் தலைப்பு டார்வினின் நூல் தலைப்பை வைத்து விளையாடியது. உள்ளே இருந்த வேலை விளையாட்டில்லை. ஒவ்வொரு படத்தையும் கறுப்புவெள்ளையாக்கி, மிகச் சிறிதாகச் சுருக்கி, அதில் வெளிச்சமும் இருட்டும் பரவியிருக்கும் விதத்தை ஓர் எண்ணாக மாற்றினார்கள். இரண்டு எண்கள் கிட்டக்கிட்ட இருந்தால் படங்கள் இரண்டும் உறவு. நிறத்தைக் கூட்டிக் குறைத்தாலும் மேலே நாலு வார்த்தை எழுதினாலும் எண் அவ்வளவாக மாறாது. இப்படிச் சேர்ந்த கொத்துகளிலிருந்து தவளை மீம்களை மட்டும் எடுத்து ஒரு கிளைப்படம் வரைந்தார்கள். எந்தத் தவளை எதற்கு உடன்பிறப்பு, எது தூரத்துப் பங்காளி என்று அதில் கண்ணால் பார்க்கலாம்.

அதே கணினிக்குள் தமிழ் மீம்களைக் கொட்டினால் என்ன கிடைக்கும்? 'வின்னர்' படத்தில் நகைச்சுவை நடிகர் வடிவேலு ஏற்ற கைப்புள்ளையின் ஒரே ஒரு ஸ்டில்லை எடுத்துக்கொள்வோம். அதை வைத்து ஒருவர் மாதக் கடைசியைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் அரியர் பேப்பரைச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் கூட்டணிப் பேச்சுவார்த்தையைச் சொல்லியிருப்பார். கணினிக்கு மூன்றும் ஒரே படம், ஒரே குவியல். கிளையும் இல்லை, வம்சமும் இல்லை. இங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அது சொல்லும். நமக்கோ அவை மூன்று தனித்தனி மீம்கள். எது பழைய சரக்கு, எது புதுசு, எது யாரைப் பார்த்து அடித்த காப்பி என்பதுவரை தெரியும்.

மீம்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் தவளை மீம்களைப் போலப் படமே மாறிப் பிறக்கும் முதல் வகைப் பிறப்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். ஆய்வாளர்களின் கருவிகளும் அதற்கென்றே செய்யப்பட்டவை. வோஜாக் என்கிற கோட்டோவிய முகத்தையும் வடிவேலுவின் முகத்தையும் அருகருகே வைத்தால், பிறப்பு இரண்டு விதம் என்பது தெரிகிறது. வோஜாக்கின் பிள்ளைகள் பிறந்த கையோடு தகப்பனை மறந்துவிடுகின்றன. வடிவேலுவின் பிள்ளைகள் எத்தனை தலைமுறை போனாலும் பிறந்த வீட்டுப் படியேறி அனுமதி கேட்டுவிட்டுத்தான் வெளியே போகின்றன.

ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் மீம் என்ற கருத்தை முன்வைத்தபோது இணையம் அவர் மனதில் இல்லை. மெட்டுகள், கோஷங்கள், உடைப் பாணிகள் ஆகியவை மனதிலிருந்து மனதுக்குத் தாவுவதைத்தான் அவர் மரபணுவோடு ஒப்பிட்டார். நிலைக்கிற பண்பாட்டுக் கூறுக்கு நீண்ட ஆயுள், நிறையப் பெருகும் ஆற்றல், பிசகாத நகல் என்று மூன்று குணங்களைச் சொன்னார். மூன்றாவது குணம்தான் இணையத்தில் உதைக்கிறது. இங்கே நகல் பிசகுவதில்தான் வேடிக்கையே. 2009இல் அமெரிக்காவில் மருத்துவச் சீர்திருத்த விவாதம் நடந்தபோது, சிகிச்சைக்குப் பணமில்லாமல் யாரும் சாகக்கூடாது என்ற பொருளில் ஒரு வாசகம் முகநூலில் பரவியது. அதைக் கண்டவர்கள் தங்கள் பக்கத்தில் ஒருநாள் போட்டுவைக்கும்படி அதிலேயே ஒரு வேண்டுகோளும் இருந்தது. லாடா அடாமிக்கும் சக ஆய்வாளர்களும் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்களும் கிடைத்தன. சிலர் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தார்கள். சிலர் கட்சி மாற்றி எதிர்த்திசையில் திருப்பியிருந்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்களை நுழைத்துக் கேலி செய்த வடிவமும் இருந்தது. இது எழுத்து மட்டும். முகம் என்று வந்தால் கதை வேறு.

வோஜாக்கின் பூர்வீகம் கிழக்கு ஐரோப்பா. 2009 வாக்கில் போலந்து நாட்டுத் தளம் ஒன்றில் தென்பட்ட இந்தப் படம், 2010இல் க்ராட்சான் என்ற ஜெர்மன் தளத்தில் வோஜாக் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் வழியாகப் பிரபலமானது. மைக்ரோசாஃப்ட் பெயின்ட்டில் போட்டதுபோல் சில கோடுகள், வழுக்கைத் தலை, சுருங்கிய நெற்றி, சோகமா களைப்பா என்று பிடிபடாத ஒரு பார்வை, அவ்வளவுதான். வயது கிடையாது, ஊர் கிடையாது, தொழில் கிடையாது. வரைந்தவர் யாரென்று உறுதியான பதிவும் கிடையாது. எந்தக் கதைப்புத்தகத்திலிருந்தும் வந்தவனில்லை என்பதால் அவன் முன்பு என்ன செய்தான் என்ற கேள்வியே எழுவதில்லை.

இந்த வெறுமைதான் அவனுடைய மூலதனம். முதலில் இரண்டு வோஜாக்குகள் ஒருவரையொருவர் தழுவி ஆறுதல் சொன்னார்கள். பிறகு சிரிக்கும் முகமூடிக்குப் பின்னால் அழுகிற வோஜாக் வந்தான். விருந்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, தொப்பி போட்டுக்கொண்டு மூலையில் தனியாக நிற்கிறவன் வந்தான். பங்குச்சந்தையும் கிரிப்டோவும் சரிந்த நாட்களில் முகமெல்லாம் சிவந்து கண்ணில் ரத்தம் வழிய அலறுகிறவன் வந்தான். 2018இல் அவனுக்குக் கறுப்புக் குல்லாயும் சிகரெட்டும் கொடுத்து, உலகம் உருப்படாது என்று நம்புகிற இளைஞனாக்கி டூமர் என்று பெயர் வைத்தார்கள். 2020இன் தொடக்கத்தில் அந்த டூமருக்கு ஒரு பெண்ணும் ஜோடியாக வரையப்பட்டாள். கண்ணாடியும் தாடியும் வாய்பிளந்த ஆச்சரியமுமாக, கேலிக்கென்றே ஒரு கிளை தனியாகப் பெருகி, அதிலிருந்து மட்டும் எண்ணற்ற உருக்கள் கிளம்பின. அந்த வாய்பிளப்பவனுக்கு எதிரே, பொன்னிறத் தாடியோடு பக்கவாட்டில் நின்று எதற்கும் அசராமல் ஆமாம் என்கிறவன் வந்து சேர்ந்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, டூமரை ரசிக்க மூல வோஜாக்கைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது. டூமர் பெண்ணை ரசிக்க டூமரையே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு உருவும் தன் முந்தைய உருவைத் தின்று செரித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. மாற்றம் நிகழும் இடம் முகம். ஒரு கோட்டை நீட்டு, ஒரு நிறத்தைக் கொட்டு, ஒரு தொப்பியை வை, புதுப்பிறவி தயார். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்போனால் ஓவியம் தெரியாமல் இருப்பதே நல்லது. அழகாக வரைந்துவிட்டால் அடுத்தவருக்குக் கைவைக்கத் தயக்கம் வந்துவிடும். சன்னெட்டூ குழுவின் கணினி இப்படிப்பட்ட வம்சத்துக்கு ஏற்ற கருவி. கோடு மாறினால் எண் மாறும், எண் மாறினால் கிளை பிரியும்.

வடிவேலுவின் கதை இதற்கு நேரெதிர் திசையில் ஓடுகிறது. இங்கே படம் மாறுவதில்லை, மாற்றவும் கூடாது. டெம்ப்ளேட் துல்லியமாக இல்லாவிட்டால், பிக்சல் உடைந்திருந்தால், மீம் போடும் பையன்களே ஹெச்டி இருக்கிறதா என்று கேட்பார்கள். 'தலைநகரம்' நாய் சேகர், 'கண்ணும் கண்ணும்' படத்தில் கிணற்றைக் காணோம் என்று போலீஸிடம் புகார் கொடுப்பவர், 'கிரி' படத்தின் பேக்கரிக்காரர், 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' என்று எல்லாருமே அந்தந்தப் படத்தின் அந்தந்த நொடியில் உறைந்த முகங்கள். மாறுவது கூடவே வரும் எழுத்து. அந்த எழுத்தும் பாதிதான். மீதியைப் பார்ப்பவர் தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

என்ன எடுத்துப் போடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குரலை எடுத்துப் போடுகிறார். நாய் சேகர் போலீஸ் ஜீப்பில் தானாக ஏறப் பார்க்கும் ஸ்டில்லைப் பார்த்ததும், தானும் ரௌடி என்று நிரூபிக்கத் துடிக்கும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் காதில் விழுந்துவிடுகிறது. விழாவிட்டால் அந்த மீம் புரியாது. வோஜாக்குக்குக் குரலே கிடையாது. அவன் எப்படிப் பேசுவான் என்று யாரும் யோசித்ததில்லை. பத்து நாட்டுக்காரர்கள் பத்துக் குரலில் அவனை வாசிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

தமிழ் மீமுக்குக் காது முளைத்தது இணையத்தில் அல்ல. வானொலி சினிமாப் படங்களை ஒலிச்சித்திரமாகச் சுருக்கி ஒலிபரப்பிய காலத்தில், திரையைப் பார்க்காமலே காட்சியைக் காணும் பழக்கம் நம் வீடுகளுக்கு வந்தது. 'திருவிளையாடல்' கதைவசன ஒலிநாடா திருவிழா மைக்செட்டில் ஓடி ஓடித்தான், 1965இல் வந்த படத்தின் தருமி அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் மனப்பாடமானான். நகைச்சுவைப் பகுதியைக் கதையிலிருந்து பிரித்துத் தனி ட்ராக்காக எழுதும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. கவுண்டமணி செந்தில் ஜோடிக்கு ஏ. வீரப்பன் எழுதிய காட்சிகளைக் கதையிலிருந்து கழற்றி எடுத்தாலும் அவை முழுசாகவே நிற்கும். 1989இன் 'கரகாட்டக்காரன்' கதை மறந்துபோனவர்களுக்கும் வாழைப்பழக் காட்சி மறக்கவில்லை. பிறகு ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் வந்து, படம் எதுவென்று சொல்லாமல் காட்சியை மட்டும் நாள் முழுக்க ஓட்டின. மீம் கிரியேட்டர்கள் என்று ஒரு தலைமுறை முகநூலுக்கு வந்தபோது, வெட்டி எடுக்கும் வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருந்தது. பார்ப்பவர்களின் மனதில் கிடங்கும் தயாராக இருந்தது.

ஆக, வடிவேலு மீம்களின் உறவுமுறை மரம்போல் கிளைவிடுவதில்லை. ஒரு காட்சி நடுவில் நிற்கிறது, ஆயிரம் மீம்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. ஆயிரமும் நடுவோடு நேரடியாக உறவு, ஒன்றுக்கொன்று அவ்வளவு உறவில்லை. ஆயிரத்தோராவது மீமைப் போடுகிறவர் ஆயிரமாவதைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றைக் காணோம் காட்சியைப் பாருங்கள். ஏரி ஆக்கிரமிப்புச் செய்தி வந்தால் அது வருகிறது. போட்ட சாலை மழையில் கரைந்தால் வருகிறது. வங்கிக் கணக்கில் இருந்த மினிமம் பேலன்ஸ் காணாமல் போனாலும் வருகிறது. சாலை மீம் ஏரி மீமிலிருந்து பிறந்ததில்லை. இரண்டும் 2008இல் வந்த படத்தின் அந்தக் காவல் நிலையத்திலிருந்தே நேராகப் புறப்பட்டவை.

அப்படியானால் இங்கே பரிணாமமே இல்லையா என்றால், இருக்கிறது. நடக்கும் இடம் வேறு. காட்சி முதலில் வசனமாகச் சுருங்குகிறது, வசனம் பேச்சுவழக்காகிறது, பேச்சுவழக்கு மறுபடி சினிமாவுக்குள் போகிறது. 'வின்னர்' 2003இல் வந்தது. அதில் கைப்புள்ள நடத்திய வருத்தப்படாத வாலிபர் சங்கம் 2013இல் ஒரு படத்தின் தலைப்பானது. நாய் சேகரின் ஜீப் வசனம் 2015இல் 'நானும் ரௌடிதான்' ஆனது. 2022இல் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சதீஷ் நடித்த படம் ஒன்று எடுத்துக்கொள்ள, அதே ஆண்டின் இறுதியில் வடிவேலுவே 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்று வர வேண்டியிருந்தது. தான் பெற்ற பிள்ளையின் பெயரைத் தகப்பனே இரவல் வாங்கிய கதை. அலுவலகங்களில் 'ஆணி' என்ற சொல் வேலை என்ற பொருளில் புழங்குவதும் இந்த வழியில்தான். ஐடி கம்பெனியில் ஆணி அதிகம் என்று சொல்கிறவருக்கு அந்தச் சொல் கிளம்பிய வடிவேலு காட்சி உள்ள 'ஃப்ரெண்ட்ஸ்' படம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை. முகம் முழுக்க உதிர்ந்து குரல் மட்டும் மிஞ்சிய நிலை அது. வோஜாக் வம்சத்தில் முகம் மாறிக்கொண்டே போகிறது. இங்கே முகம் மாறாமல் நின்று நின்று, கடைசியில் தேவையில்லாமலே போய்விடுகிறது.

கலப்புகளும் உண்டு. கேள்விக்கு ஒரு படத்தின் கவுண்டமணி, பதிலுக்கு இன்னொரு படத்தின் வடிவேலு என்று இரண்டு சட்டகங்களை ஒட்டவைப்பது நம் பையன்களுக்குக் கைவந்த கலை. ஹாலிவுட் ட்ரெய்லர் வந்த மறுநாளே வடிவேலு வெர்ஷன் வந்துவிடும். ஆனால் அங்கேயும் ஒட்டவைத்த துண்டுகள் தங்கள் மூலத்தை மறைப்பதில்லை. எந்தப் படத்துத் துண்டு என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிச் சிரிப்பு இருக்கிறது.

இதைக் கீழைநாடு மேலைநாடு என்று பிரித்துவிடுவது சுலபம்; அப்படிப் பிரித்தால் தவறாகப் போகும். மாறாத படத்தை வைத்து மீம் போடுவது மேற்கிலும் பழக்கம்தான். காதலி கையைப் பிடித்தபடியே வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறானே ஒருவன், அது ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ கியெம் 2015இல் விற்பனைக்காக எடுத்த புகைப்படம். 2017இல் உலகமெல்லாம் அதன்மேல் பெயர் எழுதி ஒட்டியது. படம் மாறவில்லை, எழுத்துதான் மாறியது. ஆனால் அந்த மூவருக்கும் முன்கதை கிடையாது, குரல் கிடையாது. பார்ப்பவருக்கு ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட ஒன்றுமே இல்லாததால், மூன்று பேர்மீதும் மூன்று சொற்களைச் சீட்டாக ஒட்டியே தீர வேண்டியிருந்தது. வடிவேலு ஸ்டில்லில் யார்மீதும் சீட்டு ஒட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. அடி வாங்குகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடி வாங்குகிறவர் என்பது சாதாரண விஷயமில்லை. இரண்டு வம்சங்களும் அரசியலில் போய் விழுந்தபோது என்ன ஆனது என்பதை அது தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

வோஜாக்கின் ஆத்ம நண்பன் பெப்பே என்னும் தவளை. மேட் ஃப்யூரி என்ற ஓவியர் 2005இல் தன் 'பாய்ஸ் கிளப்' காமிக்ஸுக்காகப் படைத்த பாத்திரம் அது. வேலைவெட்டி இல்லாமல் அறையில் கிடக்கும் நான்கு நண்பர்களில் ஒருவன். ஃபோர்சானுக்குப் போன பிறகு அவன் சோகமானான், கோபமானான், நக்கலானான். 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் வெள்ளை இனவெறியர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் செப்டம்பரில் அவதூறு எதிர்ப்பு லீக் என்ற யூத உரிமை அமைப்பு, வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் அந்தத் தவளையைச் சேர்த்தது. 2017இல் ஃப்யூரி ஒரு பக்கக் காமிக்ஸில் தன் பாத்திரத்தைச் சவப்பெட்டியில் கிடத்திப் பார்த்தார். தவளை சாகவில்லை. பிறகு அவர் நீதிமன்றம் போய், அனுமதியில்லாமல் பெப்பேயைச் சுவரொட்டியில் போட்டு விற்ற இன்ஃபோவார்ஸ் நிறுவனத்திடமிருந்து 2019இல் 15,000 டாலர் பெற்றார். அதே 2019இல் ஹாங்காங் தெருக்களில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய இளைஞர்கள் பெப்பேயை அட்டையில் வரைந்து ஏந்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அதற்கிருந்த கெட்டபெயர் அவர்களைத் தொடவே இல்லை.

வோஜாக்கும் தப்பவில்லை. 2018 இலையுதிர்காலத்தில், சாம்பல்நிற முகமும் உணர்ச்சியற்ற கண்ணுமாக என்பிசி வோஜாக் பரவினான். வீடியோ கேமில் வழிப்போக்கனாக வந்து எழுதிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போகும் பாத்திரங்களின் பெயரை வைத்து, இடதுசாரிகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று சொல்லும் கேலி அது. அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு அந்தச் சாம்பல் முகத்தை வைத்துக் கிளம்பிய ஏறத்தாழ 1,500 கணக்குகளை ட்விட்டர் முடக்கியதாக அப்போது செய்தி வந்தது. அழுத்தமே இல்லாத சில கோடுகளால் இவ்வளவும் முடிந்தது, அந்தக் கோடுகளுக்குள் எதிர்த்துப் பேச யாரும் இல்லாததால்தான். வெற்றுமுகத்துக்குள் எதை ஊற்றினாலும் அதுவாகிவிடும்.

வடிவேலுவை வைத்து இதைச் செய்ய முயலாத கட்சியில்லை. அவர் 2011 தேர்தலில் திமுகவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதையடுத்துச் சினிமாவில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. பிறகு பத்தாண்டுகளில் அவர் நடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அதிமுகக்காரரும் பாஜகக்காரரும் நாம் தமிழர் தம்பிகளும் திமுகவைக் கிண்டலடிக்க அவருடைய முகத்தைத்தான் எடுக்கிறார்கள். எந்தத் தரப்பும் அவரைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை. கைப்புள்ளயும் நாய் சேகரும் வீறாப்புப் பேசிவிட்டு உதை வாங்கும் ஆட்கள். எதிரியின்மேல் அந்த முகத்தை ஒட்டினால் எதிரி கோமாளியாவான், சரி. தன் தரப்பின் கொடியில் அதை ஏற்ற முடியாது. ஏற்றினால் தானே கோமாளி. அது திட்டுவதற்கு உதவும், அணிவகுப்பதற்கு உதவாது. தமிழ் ட்ரோல்களில் வக்கிரம் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. உருவக்கேலியும் சாதிவசையும் பெண்வெறுப்பும் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் வடிவேலு முகம் எந்தக் கும்பலுக்கும் சின்னமாகவில்லை என்பதும் உண்மை.

இரண்டு வகைப் பிறப்பும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட அபூர்வ நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கட்டுமானப் பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் பெயரைச் சொல்லி, தட்டினால் டங் டங் என்று ஓசை வரும் என்றும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை இதனால்தான் உடைந்தது என்றும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பதில் எழுதினார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கவலையோடு விசாரித்தார். போதாதா? நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டிங்கில் ஏறியது. மே 30 அன்று நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்க இருந்த வேளையில், ட்விட்டர் ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டரின் உடல்நிலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. மருத்துவமனை அறிக்கைகள், பிரேக்கிங் நியூஸ் அட்டைகள் என்று விதவிதமாகப் போலிகள் குவிந்தன.

இதன் பிறப்புச் சான்றிதழ் சுவையானது. தாய்வழியில், வடிவேலு நேசமணியாக நடித்த 'ஃப்ரெண்ட்ஸ்'. 2001இல் சித்திக் இயக்கிய தமிழ்ப் படம். அதற்கும் தாயாக அவரே 1999இல் இயக்கிய மலையாளப் படம். அங்கே வடிவேலுவின் இடத்தில் ஜகதி ஸ்ரீகுமார் இருந்தார். தந்தைவழியில், 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய பிரார்த்தனை ஹேஷ்டேக். பேரழிவு நடந்த ஒவ்வோர் ஊரின் பெயரையும் மாற்றி மாற்றிப் போட இடம் தரும் காலிச்சட்டகம் அது; வோஜாக்கின் ஜாதி. தமிழ்க் காட்சி அந்தக் காலிச்சட்டகத்துக்குள் நுழைந்தது. தொடக்கத்தில் வடிவேலுவின் படம்கூட அங்கே இல்லை, வெறும் சுத்தியல்தான் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சட்டகம் காலி என்பதால் அது எல்லை தாண்டியது. காட்சிக்குக் குரல் உண்டு என்பதால் எல்லைக்கு அப்பால் தங்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களும் வட இந்தியர்களும் யார் இந்த நேசமணி என்று கேட்டார்கள், விளக்கம் படித்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் யாரும் நேசமணியை வைத்துத் தங்கள் ஊர் மீம் ஒன்றைச் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. விடுகதையாகப் பரவியதே தவிர வித்தாக விழவில்லை. தமிழர்களுக்குள்ளோ நேசமணி அதற்கு முன்பும் இருந்தார், பின்பும் இருக்கிறார்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், தாய்ப்படம் கண்காணிக்கும்வரை தமிழ் மீம் பெப்பேயின் கதிக்கு ஆளாகாது என்று நம்பத் தோன்றும். 2023 அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டது. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' ஜூன் மாதக் கடைசியில் வெளியானது. எத்தனையோ ஆண்டுகளாகச் சிரிப்புக்கென்றே எடுத்துவைத்திருந்த வடிவேலுவின் முகத்தை, ஆதிக்கசாதிக்காரர்கள் முன்னால் உட்காரத் தயங்கி நின்று பழகிய ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினரின் முகமாக அந்தப் படம் மாற்றியது. அவரை நிற்கவைக்கும் சாதித்திமிரின் உருவம் ரத்னவேல். நடித்தவர் ஃபகத் ஃபாசில். படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் ரத்னவேலின் காட்சிகளை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, சாதிப்பெருமைப் பாடல்களை ஒட்டி, அவனை நாயகனாக்கிய எடிட்கள் இன்ஸ்டாகிராமிலும் ட்விட்டரிலும் வரிசையாக வந்தன. யாரைப் பார்த்து அருவருக்க வேண்டும் என்று படம் சொன்னதோ அவனே கொடியானான்.

எப்படி முடிந்தது? அந்த எடிட்களில் வசனம் அநேகமாகக் கிடையாது. ரத்னவேல் வாயைத் திறந்தால் தன் நாயைவிடக் கேவலமாக மனிதர்களை நடத்தும் ஆள் என்பது தெரிந்துவிடும். அதனால் நடையும் பார்வையும் மட்டும் எடுக்கப்பட்டன, ஒலி அழிக்கப்பட்டது, அதன்மேல் வேறு பாட்டு ஏறியது. ரீல்ஸ் என்ற வடிவமே அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. மூல ஒலியை எடுத்துவிட்டுப் புதிய ஒலியைப் போடுவது அங்கே ஒரு பொத்தான். எந்தக் குரல் தமிழ் மீமைத் தாய்ப்படத்தோடு கட்டிவைத்திருந்ததோ அதை முதலில் அறுத்தார்கள். பிறகு மிஞ்சியது ஃபகத் ஃபாசிலின் முகம்கொண்ட ஒரு வோஜாக்.

இன்னொரு வெறுமையையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். படம் ரத்னவேலின் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எந்தச் சாதி என்று சொல்லாவிட்டால் எல்லா ஆதிக்கசாதியும் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று இயக்குநர் எண்ணியிருக்கலாம். பார்த்துக்கொண்டார்கள்தான். ஒரே காட்சித்துண்டுமேல் ஒவ்வொரு சாதிக்காரரும் தத்தம் பாட்டை ஏற்றி, ரத்னவேல் எங்கள் ஆள் என்று போட்டிபோட்டு உரிமை கொண்டாடினார்கள்.